பேய் திட்டினால் பரவாயில்லை, அம்மா திட்டினால்? பேய்ப் படங்களில் சாமி பெயரும் கெட்ட வார்த்தையும்

சப்டைட்டில்காரன்:

வணக்கம். ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் கை கொடுங்கள். அடுத்த மாதம் எங்கள் நண்பர்கள் குழுவில் 1973-இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தைப் போட்டுப் பேசப்போகிறோம். ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாதவர்களுக்கு முக்கியமான வசனங்களைத் தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. என் பிழைப்பே அதுதான் என்பதால் தப்பிக்க வழியில்லை.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் கிறிஸ் என்ற நடிகை மகள் ரீகனோடு குடியிருக்கிறாள். கிறிஸுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மகளுக்குள் ஏதோ புகுந்துகொள்கிறது. மருத்துவர்கள் கைவிரித்த பிறகு மெரின், கராஸ் என்ற இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் பேயோட்ட வருகிறார்கள்.

இயேசுவின் பெயர் இந்தப் படத்தில் மூன்று வாய்களில் வருகிறது. அம்மா எரிச்சலில் ‘ஜீசஸ் க்ரைஸ்ட்’ என்கிறாள். பேய் அந்தப் பெயரை வாய் கூசும் அசிங்கத்தோடு சேர்த்துச் சொல்கிறது. குருக்கள் அதே பெயரைச் சொல்லிப் பேய்க்குக் கட்டளையிடுகிறார்கள். தமிழில் இந்த மூன்றையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்கெல்லாம் ஒரே மருந்துதான். எந்தப் பாத்திரம் எந்த மனநிலையில் சொன்னாலும் ‘அடக் கடவுளே’ என்று போட்டுவிட வேண்டும். பல வருடம் அதைச் செய்து சம்பளமும் வாங்கியிருக்கிறேன். இந்தப் படத்தில் அதைச் செய்தால் படமே செத்துவிடும் என்று தோன்றுகிறது.

மொட்டைமாடி_மணி:

பேய்க்குச் சென்னைத் தமிழ் கொடுங்கள். பயம் போனாலும் கூட்டம் வரும்.

உவரி_மகள்:

நான் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறவள். ‘நீங்கள் எப்படி இந்தப் படத்தையெல்லாம் பார்க்கிறீர்கள்’ என்று கேட்பார்கள், பார்த்திருக்கிறேன், இரண்டு முறை. பேய் பேசுகிற எதுவும் என்னைப் புண்படுத்தவில்லை. அது பேய், அதன் வேலை அது. பூப்போல பேசினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

என்னை உறுத்தியது அம்மாவின் வாய். மகளின் பிறந்த நாள். ரோமில் இருக்கும் அப்பா கூப்பிடவில்லை. கிறிஸ் தொலைபேசி இணைப்புக்காக இருபது நிமிடமாகக் காத்திருக்கிறாள். ஆபரேட்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறாள், நடுநடுவே ‘ஜீசஸ் க்ரைஸ்ட்’, ‘ஃபார் க்ரைஸ்ட்ஸ் சேக்’. கேமரா மெல்ல நகர்ந்து ரீகனைக் காட்டுகிறது. பிள்ளை தன் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பின்னால் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து என்ன வருகிறது என்று நமக்குத் தெரியும். அம்மா திட்டியதால்தான் பேய் வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது அநியாயம். ஆனால் அந்தப் பெயர் அந்த வீட்டில் எப்படிப் புழங்கியது என்பதை இயக்குநர் முதலிலேயே காதில் போட்டுவிடுகிறார். ‘கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்ற கட்டளையில் ‘வீணிலே’ என்றுதான் இருக்கிறது. அம்மா செய்வது அதுதான். வெறுப்பு எதுவும் இல்லை, அந்தப் பெயர் அவளுக்கு ஒரு ‘சே!’ மாதிரி.

நள்ளிரவு_ரசிகன்:

கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்லட்டுமா? எனக்கு இந்தப் படத்தின் வசவெல்லாம் மலிவான அதிர்ச்சியாகத்தான் படுகிறது. சிறு பெண்ணின் வாயில் அசிங்கம் வந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? 2013-இல் வந்த ‘தி கான்ஜுரிங்’ பாருங்கள், வசவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இருந்தும் அமெரிக்காவில் அதற்கு ‘ஆர்’ சான்றிதழ்தான் (17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்) கிடைத்தது. கொடுத்த காரணமே மனதைக் கலக்கும் வன்முறையும் திகிலும் என்பதுதான். கைதட்டல் சத்தம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆளை நடுங்க வைக்க முடியும்போது வாயைத் திறந்து திட்ட எதற்கு?

பழைய_புரொஜெக்டர்:

முப்பது வருடம் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தவன் என்பதால் கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலிவுட் 1930-இல் தனக்குத் தானே ஓர் ஒழுக்கச் சட்டம் போட்டுக்கொண்டது. ‘ஹேஸ் கோட்’ என்பார்கள். கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து என்ற சொற்களைப் பக்தியோடு சொன்னால் சொல்லலாம், இல்லாவிட்டால் கூடாது என்று அதில் எழுதியே வைத்திருந்தார்கள். நரகம் என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் உண்டு. 1934-இல் ஜோசப் பிரீன் பொறுப்புக்கு வந்த பிறகுதான் அது பல் முளைத்து நிஜமாகக் கடிக்க ஆரம்பித்தது.

கடி பட்டதில் ஒரு பேய்ப் படம் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. 1931-இல் முதலில் வந்தபோது, பிணத்துண்டுகளைத் தைத்துச் செய்த உடலின் கை அசைந்ததும் விஞ்ஞானி வெறி பிடித்தவன்போலக் கத்துவான்: கடவுளாக இருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது! கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாத வாக்கியம். சில வருடம் கழித்துப் படத்தை மறுபடி வெளியிட்டபோது அந்த வரியின் மேல் ஓர் இடியைப் போட்டு அமுக்கிவிட்டார்கள். வாய் அசையும், இடி இடிக்கும். ஒழுங்கான ஒலியோடு அந்த வரி ரசிகர்களுக்குத் திரும்பக் கிடைத்தது 1980-களில்தான். எனக்கு அந்த இடிதான் பிடிக்கும் என்பது வேறு விஷயம். கடவுளே குறுக்கிட்டு ‘வாயை மூடு’ என்றதுபோல இருக்கும்.

இன்னொன்று. அந்தச் சட்டத்தை எழுதிய இருவரில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைக் குரு. அது போய் 1968 நவம்பரில் சான்றிதழ் முறை வந்தது. ஐந்தே வருடத்தில் ‘எக்ஸார்சிஸ்ட்’ வருகிறது, அதற்கு ஆலோசனை சொன்னவர்கள் யார்? அதே இயேசு சபைக் குருக்கள். தாமஸ் பெர்மிங்ஹாம் ஆலோசகராக இருந்ததோடு ஒரு சிறு வேடத்திலும் வருவார். டையர் என்ற குருவாக நடித்த வில்லியம் ஓமாலி நிஜமான குரு. கடைசிக் காட்சியில் அவர் கை நடுங்க வேண்டும் என்பதற்காக இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு உடனே கேமராவை ஓடவிட்டார். நாற்பது வருடத்துக்கு முன்பு ‘இயேசு’ என்ற சொல்லுக்கே காவல் போட்ட சபை, இந்தப் பேயின் வாயைப் பார்த்துவிட்டு, எடுங்கள், நாங்கள் நடிக்கிறோம் என்றது. அவர்கள் வசவைக் கணக்கில் எடுத்த விதம் நள்ளிரவுத் தம்பி எடுத்த விதம் இல்லை என்று நினைக்கிறேன்.

சப்டைட்டில்காரன்:

ஐயா, இடிக் கதை அருமை.

நள்ளிரவு_ரசிகன், உங்களுக்கு ஒரு சோதனை. 1980-இல் இந்தப் படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் போட்டார்கள். பேயின் வசனங்களைக் கழுவித் துடைத்து, புதிதாகக் குரல் கொடுத்தார்கள். அந்தக் குரலில் சிலவற்றை இயக்குநரே பேசினார். கராஸிடம் அவருடைய அம்மாவைப் பற்றிப் பேய் சொல்லும் ஒரு வரி உண்டு, நரகத்தில் அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று. இங்கே எழுத முடியாது. தொலைக்காட்சியில் அதற்குப் பதிலாக வந்தது: ‘உன் அம்மா நாற்றமடிக்கிற காலுறை தைக்கிறாள்.’

சிரிப்பு வருகிறதா? அப்படியானால் மூல வரி மலிவான அதிர்ச்சி மட்டும் இல்லை. கராஸின் அம்மா தனியாக வாழ்ந்து தனியாகச் செத்தவள். இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தார்கள். மகன் குருவாகப் போனதால் அவளைக் கவனிக்க ஆளில்லை, கையில் காசும் இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இருக்கும் இடத்தில் குறிபார்த்துத்தான் பேய் அந்த அசிங்கத்தை எறிகிறது. காலுறை வந்ததும் குறி தப்பிவிடுகிறது.

நள்ளிரவு_ரசிகன்:

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களே எனக்கு ஓர் ஆயுதம் கொடுத்துவிட்டீர்கள். அதே பேய் பின்னால் கராஸின் அம்மாவாகவே மாறி, அவள் குரலில், அவள் மகனைக் கூப்பிடும் பெயரைச் சொல்லி, ‘டிம்மி, எனக்கு ஏன் இப்படிச் செய்தாய்’ என்று கேட்கிறதே. அதில் கெட்ட வார்த்தை எங்கே? எனக்கு வயிற்றைப் பிசைந்தது அங்கேதான். சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு பிச்சைக்காரன் கராஸிடம் ‘பழைய பீடச் சிறுவனுக்கு உதவுங்கள், ஃபாதர்’ என்று, அதாவது பூசையில் குருவுக்கு உதவிய பையன் நான் என்று சொல்லிக் கேட்பான். பேய் அதையும் அவன் குரலிலேயே திருப்பிச் சொல்லும். அதிலும் வசவு இல்லை.

உவரி_மகள்:

இது நல்ல கேள்வி தம்பி. யோசித்துச் சொல்கிறேன்.

மொன்றியல்_குமரன்:

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து இங்கே வந்து முப்பது வருடமாகிறது. நீங்கள் எல்லோரும் ஆங்கில வசவை மட்டும் வைத்துக் கதைக்கிறீர்கள், கியூபெக்குக்கு வாருங்கள். இங்கே மோசமான கெட்ட வார்த்தைகள் எல்லாம் கோயில் சாமான்கள்தான். நற்கருணைப் பேழை ‘தபர்னாக்’. திருக்கிண்ணம் ‘காலிஸ்’. அப்பம் ‘ஓஸ்தி’. உடல் உறுப்பு, தாய், தகப்பன் ஒன்றும் கிடையாது.

முதலில் வேலைக்குப் போன தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஒருவர் விரலை நசுக்கிக்கொண்டு இதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் நல்ல பக்தியான ஆள், வலியில் பூசை சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு சக தொழிலாளி விளங்கப்படுத்தினார்.

ஒரு காலத்தில் இங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே திருச்சபையின் கையில் இருந்தது. 1960-களில் ‘அமைதிப் புரட்சி’ வந்து சனம் கோயிலை விட்டு விலகியது. கோபம் மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. 2006-இல் மொன்றியல் மறைமாவட்டமே இந்தச் சொற்களைப் பெரிய விளம்பரப் பலகையில் போட்டு, கீழே அகராதிபோல அவற்றின் உண்மையான பொருளை எழுதிவைத்தது. பேரப்பிள்ளைகளுக்கு அது வசவு என்று மட்டும்தான் தெரியும், சாமான் தெரியாது.

அதனால் நான் நினைக்கிறது, சாமி பெயர் வசவாக வேண்டுமென்றால் முதலில் அதன்மேல் பயம் இருந்திருக்க வேண்டும். பிறகு பயம் போய்விட வேண்டும்.

அரையிருள்:

குமரன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வருகிறேன். நம்மிடம் சாமி பெயர் வசவாகவே ஆகவில்லை. கால் இடறினால் ‘முருகா’, கேட்கக் கூடாததைக் கேட்டால் ‘சிவ சிவா’, அலுப்பில் ‘அட ராமா’. எதுவும் பாவமில்லை. சொன்னால் புண்ணியம் என்றுகூடச் சொல்வார்கள். சாமியையே திட்டினாலும் நம் மரபில் அதற்கு இடம் உண்டு. கண் போன சுந்தரர் திருவாரூரில் நின்று, ‘வாழ்ந்து போதீரே’ என்று பாட்டுக்குப் பாட்டு இறைவனைக் குத்துகிறார். நீ நன்றாக இருந்துகொள் என்று பொருள். அதைத் தேவாரமாக ஓதுகிறோம், யாரும் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

நமக்குப் பயம் தரும் பேச்சு வேறு. மண்ணை அள்ளித் தூற்றிவிட்டு ஒரு கிழவி ‘உன் வம்சம் விளங்காது’ என்றால் இன்றைக்கும் அடிவயிறு கலங்கும். அதில் கெட்ட வார்த்தையே இல்லை. நள்ளிரவு சொன்ன ‘டிம்மி’ வரி நமக்கு அதனால்தான் உடனே பிடிபடுகிறது என்று படுகிறது. சாபத்துக்குப் பக்கத்தில் வருகிறது அது.

ஆகவே சப்டைட்டில்காரரே, நீங்கள் கிறிஸின் ‘ஜீசஸ் க்ரைஸ்ட்’டை ‘இயேசுவே’ என்று போட்டால் என்ன ஆகும் தெரியுமா? தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்கிற பக்தை ஆகிவிடுவாள்.

சப்டைட்டில்காரன்:

அதேதான்! ‘அடக் கடவுளே’ பிரச்சினையும் அதுதான். ஹாலிவுட்டின் நாத்திகர்களை எல்லாம் நான் இத்தனை வருடமாக மதம் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மொட்டைமாடி_மணி:

எந்தச் சபையில் சேர்த்தீர்கள் என்று சொல்லவில்லையே.

பழைய_புரொஜெக்டர்:

சேர்ந்த சபையிலும் நிம்மதி இல்லை. அமெரிக்கக் கேபிள் சானல்கள் பலவற்றில் ‘காட்டாம்’ என்ற வசவு வந்தால் முன்பாதியை மட்டும் ஊமையாக்குவார்கள். ‘டாம்’ கேட்கும், கடவுள் கேட்காது.

உவரி_மகள்:

யோசித்துவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பேயோட்டும் சடங்குக்கு 1614-இல் வந்த ‘ரித்துவாலே ரொமானும்’ என்ற லத்தீன் நூலில் விதிகள் உண்டு. ஒருவருக்குப் பேய் பிடித்திருப்பதன் அடையாளங்களாக அது சொல்வது: தெரியாத மொழியைப் பேசுவது அல்லது புரிந்துகொள்வது, மறைவாக இருப்பதை வெளிப்படுத்துவது, வயதுக்கும் உடலுக்கும் மீறிய பலம். கவனியுங்கள், கெட்ட வார்த்தை பேசுவது அந்த அடையாளங்களில் இல்லை. வாய் கெட்டவர்களுக்கெல்லாம் பேயோட்டுவதென்றால் எங்கள் கடற்கரையில் ஒரு குரு போதாது.

கராஸ் இந்த விதியை வைத்துத்தான் சோதிக்கிறார். பேய் ஒரு லத்தீன் வாக்கியம் சொன்னதும், லத்தீன் தெரியுமா என்று கேட்கிறார். ‘எகோ தே அப்சோல்வோ’ என்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் குரு சொல்லும் பாவமன்னிப்பு அது! அவர் லத்தீனில் ஒரு கேள்வி கேட்டால் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் உளறித் தப்பிக்கிறது. அப்புறம் அவர் குழாய்த் தண்ணீரைத் தெளித்துவிட்டுத் தீர்த்தம் என்கிறார், அது துடிக்கிறது. கராஸுக்குச் சந்தேகம் கூடுகிறது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மந்திரித்த தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்பதைத் தெளித்தவர் சொன்ன சொல்தான் தீர்மானித்தது. ஏமாந்தது பிள்ளையா, ஏமாற்றியது பேயா என்று படம் கடைசிவரை சொல்லாது.

இப்போது தம்பியின் கேள்வி. பேய் வசவும் பேசுகிறது, வசவில்லாமலும் பேசுகிறது. என் கணக்கில் வசவு உடம்பில் அடிக்கிற அடி, கராஸைக் களைக்க வைக்க. ‘டிம்மி’ உயிரில் அடிக்கிற அடி. முதலாவது இல்லாமல் இரண்டாவது இத்தனை ஆழம் இறங்காது. ராத்திரி முழுக்கக் காறித் துப்பிய வாய் திடீரென்று அம்மாவாகக் கூப்பிட்டால்தானே நெஞ்சு அடைக்கும்.

நள்ளிரவு_ரசிகன்:

சரி அக்கா, பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி அந்த நடிகைக் குழந்தைக்காக. படப்பிடிப்பு தொடங்கியபோது லிண்டா பிளேருக்கு 13 வயது. கலை எவ்வளவு ஆழமாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

பழைய_புரொஜெக்டர்:

அதில் நானும் உங்கள் பக்கம். திரையில் கேட்கும் பேய்க் குரல் அந்தப் பிள்ளையுடையது இல்லை, மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற மூத்த நடிகையுடையது. பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட்டாக ஊதி, விஸ்கி குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு பேசினார். முதலில் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரே இல்லை, சண்டை போட்டுத்தான் வாங்கினார். பிரிட்டனில் 1988-லிருந்து 1999 வரை இந்தப் படத்தின் வீடியோ கடையில் கிடைக்காது. சான்றிதழ் தர மறுத்ததற்கு முக்கியக் காரணம், வீட்டில் ரீகன் வயதுப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள் என்ற கவலை.

சப்டைட்டில்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், கிழித்துத் தொங்கவிடுங்கள்.

அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போவதில்லை. ‘ஜீசஸ் க்ரைஸ்ட்! மகள் பிறந்த நாளுக்கு ஒரு போன் போட அவனுக்கு மனசில்லை’ என்று ஆங்கில ஒலியையே வைக்கிறேன். நம் ஊர் அலுவலகங்களில் இந்துக்களே ‘ஓ ஜீசஸ்’ என்கிறார்கள், அதில் சாமி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். குருக்களுக்கு ‘கிறிஸ்து’. பேய்க்குத்தான் குழப்பம். ‘ஜீசஸ்’ஸா, ‘இயேசு’வா?

உவரி_மகள்:

பேய்க்கு ‘இயேசு’. சந்தேகமே வேண்டாம். மாற்கு நற்செய்தியில் கல்லறைகளுக்கு நடுவே வாழ்ந்தவனுக்குள் இருந்த ஆவி என்ன சொல்லிக் கத்துகிறது? ‘இயேசுவே, உன்னதமான தேவனுடைய குமாரனே.’ அவர் யாரென்று அதற்குத் தெரியும். கிறிஸுக்குத்தான் தெரியாது. தெரிந்துகொண்டே சொல்வதால்தான் அது நிந்தனை.

அரையிருள்:

அப்படியானால் படத்திலேயே குருக்களுக்கு அடுத்தபடியாக அந்தப் பெயரை முழுப் பொருளோடு சொல்வது பேய்தான். நன்றாக இருக்கிறது.

சப்டைட்டில்காரன்:

வைத்துக்கொண்டேன். இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பேயோட்டும் வரி. ‘கிறிஸ்துவின் வல்லமை உன்னைக் கட்டாயப்படுத்துகிறது’ என்று எழுதினேன். கடன் வசூலிக்க வந்தவர் நோட்டீஸ் படிப்பதுபோல இருக்கிறது.

உவரி_மகள்:

லத்தீன் நூலில் ‘இம்பெராத் திபி’ என்று அடுக்கடுக்காக வரும், ‘உனக்குக் கட்டளையிடுகிறார்’ என்று. நம் ஊர் ஜெபக் கூட்டங்களிலும் ‘இயேசுவின் நாமத்தில் கட்டளையிடுகிறேன்’ என்பதுதான் வழக்கம். ‘கிறிஸ்துவின் வல்லமை உனக்குக் கட்டளையிடுகிறது’ என்று போடுங்கள். திரும்பத் திரும்பச் சொல்லவும் வாய்க்கு வாகாக இருக்கும்.

இன்னும் ஓர் இடம். கடைசியில் கராஸ் ஜன்னல் வழியாக விழுந்து படிக்கட்டின் கீழே கிடக்கும்போது டையர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு பாவமன்னிப்பு கொடுக்கிறார் இல்லையா, புரொஜெக்டர் ஐயா சொன்ன நிஜக் குரு. அங்கே வருவதும் ‘எகோ தே அப்சோல்வோ’தான். பேய் கேலியாகச் சொன்ன அதே மூன்று சொற்கள். உங்கள் தாளில் இரண்டு இடத்திலும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

சப்டைட்டில்காரன்:

ஐயோ, இதைக் கவனிக்கவே இல்லை. முதல் இடத்தில் ‘உன்னை மன்னித்தேன் போ’ என்று நக்கலாக எழுதி வைத்திருந்தேன். மாற்றிவிடுகிறேன்: ‘உன் பாவங்களிலிருந்து உன்னை விடுவிக்கிறேன்.’ ஆனால் டையருக்கு ‘உன்’ சரியா? அது சடங்கு, மரியாதையாக ‘உம்’ வர வேண்டாமா?

உவரி_மகள்:

சாகிறவன் அவருடைய நண்பன். ‘உன்’ இருக்கட்டும்.